எட்டு என்றால் குளிர்ச்சியா, சூடா?

சென்ற மே மாதம் வீட்டார் மூவரை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எட்டாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், காலி பிஸ்கட் டின்னுக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போல் பானட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நின்றது. அழுத்தினால் மறுபடி வந்தது. முன்னே போன பேருந்தின் புகையை முகர்ந்தபடி, முதல் கியரிலேயே ஊர்ந்து, ஒருவாறு மேலே போய்ச் சேர்ந்தோம். அந்தச் சத்தத்துக்கு நானே காரணம் என்பதும், மூன்று நாள் முன்பு மிகுந்த அக்கறையோடு தேர்ந்தெடுத்து நான் வாங்கிய, பெட்ரோலைத் தீப்பொறியால் பற்றவைக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குகள்தாம் அதன் வேர் என்பதும் கீழே இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

என் வண்டி பன்னிரண்டு ஆண்டு ஓடிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். வண்டியோடு வந்த கையேட்டில் என்.ஜி.கே. நிறுவனத்தின் ஆறாம் எண் பிளக் போடும்படி அச்சிட்டிருக்கிறது. பழைய பிளக்குகள் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்துவிட்டதால் மாற்றியாக வேண்டியிருந்தது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், மாதம் இருமுறை மலையேறும் வண்டிக்கு ஒரு படி ‘குளிர்ந்த’ பிளக்காகப் போட்டால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. மேட்டில் இழுக்கும்போது இன்ஜின் சூடாகும், சூட்டைத் தாங்கக் குளிர்ந்த பிளக் வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? என்.ஜி.கே.யில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது என்பதையும் படித்து வைத்திருந்தேன். ஆகவே சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஓர் உதிரிபாகக் கடைக்குப் போய் ஏழாம் எண் கேட்டேன். அது கடைக்காரரிடம் இல்லை. “உங்க வண்டிக்குப் போடுற ஆறுக்குச் சமமா வேற கம்பெனில ஏழு இருக்குதுங்க சார், தரட்டுங்களா?” என்றார். ஆறுக்குச் சமம் ஏழு என்றால், ஒரு படி குளிர்ந்தது எட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, “எட்டாவே குடுத்துருங்க” என்றேன். கேட்டதைக் கொடுத்தார், அவர்மீது ஒரு குற்றமும் இல்லை.

எல்லா நிறுவனங்களும் ஒரே திசையில் எண்ணுகின்றன என்று நான் நம்பிவிட்டதில்தான் கணக்குப் பிழைத்தது. ஜப்பானிய நிறுவனங்களான என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ந்துகொண்டே போகும். பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏறச் சூடாகிக்கொண்டே போகும். பலருக்கும் பழகிய பிபிஆர்6இஎஸ் என்ற என்.ஜி.கே. பிளக்குக்குப் பாஷில் ஏறக்குறைய இணையாக வருவது டபிள்யூஆர்7டிசி. அந்த வரிசையில் அடுத்ததும், கடைக்காரர் எனக்குத் தந்ததுமான பாஷ் எட்டு, என்.ஜி.கே.யின் ஐந்துக்கு இணை. டென்சோவோ 16, 20, 22 என்று தனி வழியில் எண்ணுகிறது. அங்கே 20 என்பதுதான் நம் ஆறு. ஆக, ஏழைத் தேடிக் கிளம்பிய நான் ஐந்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருந்தேன்.

சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்ற பெயர்களே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பேன். சூடான பிளக்கில் பெரிய தீப்பொறி வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. தீப்பொறிக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. எரியும் வாயுவிலிருந்து தன் முனை வாங்கிய சூட்டைப் பிளக் எவ்வளவு விரைவாக இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. பிளக்கைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால், நடுக்கம்பியைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று தெரியும். அந்த மூக்கு நீளமாக இருந்தால், சூடு நெடுந்தூரம் நடந்துதான் இரும்பு உடலைத் தொட முடியும். அதற்குள் முனை சூடேறிவிடும். அது சூடான பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். அது குளிர்ந்த பிளக். முனை சுமார் 450 டிகிரி செல்சியசுக்குக் குறைவாகவே இருந்துகொண்டிருந்தால் அதன்மேல் படியும் கரி தானாக எரிந்து போகாமல் அடையாகச் சேரும். 850 டிகிரி அளவைத் தாண்டினால், தீப்பொறிக்குக் காத்திராமல், கனன்ற முனையே பெட்ரோலைக் கொளுத்திவிடும்; மலையில் நான் கேட்ட சத்தம் அதன் விளைவு. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே முனையை நிறுத்துவதுதான் அந்த ஒற்றை எண்ணின் வேலை. இன்ஜினை வடிவமைத்தவர்கள் வெயிலிலும் மேட்டிலும் முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்துத்தான் அந்த எண்ணைக் கையேட்டில் எழுதுகிறார்கள் என்பது, மலையடிவாரத்தில் நின்று தனியாக யோசித்த எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் நான் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குக் குறைவான உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. மேலே போகும்போது காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைகிறது. அதற்கேற்ப எரியும் பெட்ரோலும் பிறக்கும் சூடும் குறைகின்றன. அழுத்தம் குறைந்தால், பிளக் முனையிலுள்ள இடைவெளியைத் தாண்டிக் குதிக்கத் தீப்பொறிக்கு வேண்டிய மின்னழுத்தமும் குறைவுதான். மேட்டுப் பாதையில் இன்ஜின் பாடுபடுவது உண்மை. ஆனால் மலை உயரம் பிளக்குக்குச் சற்றே இளைப்பாறுதல் தருகிறதே தவிரக் கூடுதல் சுமை ஏற்றவில்லை. காற்றையும் பெட்ரோலையும் கார்புரேட்டர் கலந்து தந்த காலத்தில் மலைப் பயணத்தின் தொல்லையே வேறு: காற்று குறைந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாததால் பிளக் முனை கறுத்துப் போகும். என் அப்பா தம் பழைய பத்மினி காரை ஏற்காட்டுக்கு ஓட்டிப்போய் வந்த மறுநாள் பிளக்குகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஆக்ஸா பிளேடை இடைவெளியில் நுழைத்துச் சரிபார்ப்பார். ஆக்ஸா பிளேடின் தடிமன் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் என்பதால் அந்தக் கால வண்டிக்கு அது பொருந்தி வந்தது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகள் காற்றழுத்தத்தைச் சென்சாரால் அளந்து பெட்ரோலைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. பிளக் இடைவெளியும் பல வண்டிகளில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வந்துவிட்டது. பிளேடு இனி இரும்பு அறுக்கத்தான்.

மலையிலிருந்து திரும்பிய மறுநாள் கோரிமேட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன். நான்கு பிளக்குகளையும் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்தது என்பது மாறாதபடி, பழைய நாளிதழ் ஒன்றின்மேல் வரிசையாக அடுக்கினார். முதலாவது, இரண்டாவது, நான்காவது பிளக்குகளின் மூக்கு சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. ஓரத்தில் மிளகைப் பொடித்துத் தூவினாற்போல் நுண்ணிய கரும்புள்ளிகள். நலமாக ஓடும் இன்ஜினில் இந்த இடம் வறுத்த கொத்தமல்லி விதையின் நிறத்தில், வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். “எட்டு நம்பர யாரு தம்பி போடச் சொன்னது?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சத்தத்துக்கு சிலிண்டருக்குள் சேர்ந்திருந்த பழைய கரியும் ஓரளவு காரணமாக இருக்கலாம் என்று அவரே எனக்காகக் கொஞ்சம் பரிந்து பேசினார்.

மூன்றாவது பிளக் சொன்ன கதை வேறு. அதன் மரையிலும் மூக்கிலும் எண்ணெய் ஈரமாகப் பளபளத்தது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் சமதரையில் ஆக்சிலரேட்டரை மிதித்தபோது பின்னால் எழுந்த நீலப் புகை. இருபது வளைவுகளையும் இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கிலேயே இறங்கும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியே இருப்பதால் உள்ளிழுக்கும் பக்கம் பலமான வெற்றிடம் உண்டாகிறது. வால்வைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் வால்வு சீல் தளர்ந்திருந்தால், அந்த வெற்றிடம் மேலிருக்கும் இன்ஜின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் உறிஞ்சிவிடும். ஊருக்குள் ஓட்டுகையில் தெரியாத இந்தக் கோளாறை மலை இறக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது. இப்படி எண்ணெய் படியும் சிலிண்டருக்கு மட்டும் சூடான பிளக் போட்டு எண்ணெயை எரித்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. வண்டியை விற்கப் போகிறவர்களுக்கு அது வசதி. வைத்துக்கொள்ளப் போகிறவனுக்கு அந்த எண்ணெய் ஈரம் தெரிவதுதான் நல்லது என்பது என் கருத்து.

அந்த வெள்ளைப் பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. அது நாம் காபி குடிக்கும் கோப்பையின் பீங்கான் அன்று, அலுமினியம் ஆக்சைடு. இருபதாயிரம் வோல்ட்டைத் தடுத்துக்கொண்டு, அதே நேரம் சூட்டையும் கடத்தும் பொருள் வேறு எளிதில் கிடைக்காது. அலுமினியம் ஆக்சைடு எடுப்பது பாக்சைட் என்ற தாதுவிலிருந்து. அந்தப் பாக்சைட்டை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறக்கிய காலம் ஒன்று இருந்தது. என் பிளக்கில் இருப்பது நம் மலை மண் இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்த மலையின் மேட்டிலேயே அது வெளுத்துப் போனதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

பிறகு, என்ன போடுவது என்ற கேள்வி. எண் ஆறு என்பதில் இப்போது எனக்கு வாக்குவாதம் இல்லை. எண் மட்டும் பொருந்தினால் போதாது என்பதையும் அண்ணன் காட்டினார். பிபிஆர்6இஎஸ் என்ற பெயரில் பி என்பது 14 மில்லிமீட்டர் மரை. அடுத்த பி முன்னே நீண்ட மூக்கு. ஆர் என்பது ரேடியோவிலும் இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டியிலும் இரைச்சல் புகாமல் தடுக்கும், சுமார் ஐயாயிரம் ஓம் மின்தடை. இ என்பது மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். இதே பெயரில் இ இருக்கும் இடத்தில் எச் வந்தால் நீளம் 12.7 மில்லிமீட்டர்தான். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்த இரண்டில் குட்டையானதை மாட்டினால், ஹெட்டில் மீதியிருக்கும் மரைக்குள் கரி அடைந்து, பின்னர் சரியான பிளக்கை ஏற்றும்போது மரையே வழன்றுவிடும். நீளமானதைக் குட்டை ஹெட்டில் மாட்டினால் பிஸ்டன் வந்து இடிக்கும். மின்தடை இல்லாத பிளக்கை இன்றைய வண்டியில் போட்டால், கணினிப் பெட்டி காரணம் தெரியாமல் தடுமாறும். சிஎன்ஜி கிட் பொருத்திய வண்டியாக இருந்தால் அதற்கென்று சொல்லப்பட்ட எண்ணையும் இடைவெளியையும் பார்க்க வேண்டும்; அந்த வாயுவில் தீப்பொறி குதிக்கக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டியிருப்பதால் இடைவெளியைக் குறைத்து வைப்பது வழக்கம்.

இரிடியம் வாங்கலாமா என்றும் யோசித்தேன். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் 2,400 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். அதனால் நடுக்கம்பியை 0.6 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இழைக்க முடிகிறது; மெல்லிய முனையில் தீப்பொறி எளிதாகக் குதிக்கிறது; தேய்மானமும் குறைவு என்பதால் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை ஓடுவதுண்டு. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இழுவை கூடும் என்று அட்டைப்பெட்டியைப் பார்த்து எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். என்னைப் பொறுத்தவரை, இரிடியத்துக்குக் காசு கொடுப்பது பிளக்கைக் கழற்றுவதே பெரிய வேலையாக இருக்கும் வண்டிகளுக்குத்தான். என் வண்டியில் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைத் தூக்கினால் பிளக் தெரிகிறது; ஒரு சிலிண்டர் எண்ணெய் குடிக்கிறது. எண்ணெயில் முக்கி எடுக்க இரிடியம் எதற்கு? கையேட்டில் உள்ள அதே நிக்கல் பிளக்குகளையே, இந்த முறை பெட்டியின் எழுத்தையும் பிளக்கின்மேல் அச்சிட்ட எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினேன். எழுத்து கலங்கியிருந்தாலும் வாஷர் கழன்று ஆடினாலும் இடைவெளி ஒன்றுக்கொன்று மாறினாலும் டூப்ளிகேட்டோ என்று சந்தேகிக்கலாம்.

இன்ஜின் ஆறிய பிறகு, மரையில் கிரீஸ் எதுவும் தடவாமல், ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை பிளக்கின் தலையில் செருகி விரலாலேயே திருகினார் அண்ணன். குறுக்கு மரை ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஸ்பேனராக இருந்தால் ஹெட்டைத் தின்றுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் ஏறக்குறைய அரைச் சுற்றுக்குச் சற்று அதிகம், அதோடு நிறுத்திவிட்டார். என் கைக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று தோன்றியது. அவர் ஸ்பேனரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்.

ஆடி மாதத்தில் மறுபடி மேலே போய்வந்தோம். எட்டாவது வளைவில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இன்ஜின் உறுமலைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்து கழற்றிப் பார்த்ததில் மூன்று பிளக்குகள் கொத்தமல்லி நிறத்தில் இருக்கின்றன. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் இன்னும் ஈரம். வால்வு சீல் வேலையைத் தீபாவளி கூட்டம் கழிந்ததும் எடுத்துக்கொள்வதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.