சட்டன் ஹூ: மணலில் பதிந்த கப்பல்

"மாமா, இதற்குள்ளே இப்போது ஒன்றுமே இல்லை, தெரியுமா?"

புல் மூடிய மண்மேட்டைக் காட்டி இதைச் சொன்னவன் என் அக்கா மகன். வயது ஒன்பது. இப்ஸ்விச் நகரில் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறான். இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோமர்கள், ஆங்கிலோ-சாக்சன்கள், வைக்கிங்குகள் என்று வரிசையாகப் பாடம் உண்டு. அதனால் இந்தப் பயணத்தில் வழிகாட்டி அவன். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன் நான்.

இப்ஸ்விச்சிலிருந்து இரண்டு பெட்டி மட்டுமே கொண்ட ரயிலில் ஏறி மெல்டன் என்ற சிறிய நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து டீபன் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, மேட்டில் ஏறினால் சட்டன் ஹூ என்ற பழைய புதைமேட்டுத் தலம். நடந்தே போய்விடலாம் என்று சொன்னது நான்தான். அக்டோபர் மாதக் காற்று காதுமடலைக் கிள்ள, சாலையோரத்தில் ஒற்றையடிப் பாதையாகக் குறுகிப்போன நடைபாதையில் கார்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனபோது, டாக்சி பிடித்திருக்கலாம் என்று தோன்றியது. பையன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வழி நெடுக எனக்குப் பாடம் நடந்தது.

ரோமானியப் படைகள் ஏறத்தாழ கி.பி. 410 அளவில் பிரிட்டனைக் கைவிட்டன. அதன் பிறகு இன்றைய டென்மார்க், வட ஜெர்மனி, நெதர்லாந்துக் கரைகளிலிருந்து ஆங்கிலர், சாக்சன், ஜூட் என்ற கூட்டத்தார் கடல் கடந்து வந்தார்கள். படையெடுப்பா, பஞ்சம் பிழைக்க வந்த குடியேற்றமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். 2022-இல் வெளியான மரபணு ஆய்வு, கிழக்கு இங்கிலாந்தின் அக்காலப் புதைகுழிகளில் கிடந்தவர்களின் மரபில் சராசரியாக முக்கால் பங்கு அக்கரையிலிருந்து வந்தது என்று காட்டியது. அதாவது வந்தவர்கள் நாலு படைத்தலைவர்கள் அல்லர். பெண்டு பிள்ளைகளோடு குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. வந்தவர்கள், ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்களை 'அந்நியர்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்தான் 'வேல்ஸ்' என்று இன்று ஒரு நாட்டின் பெயராக நிற்கிறது. விருந்தாளி வந்து வீட்டுக்காரனைப் பார்த்து "யாரப்பா நீ?" என்று கேட்ட கதை.

இந்த மாவட்டத்தின் பெயரான சஃபோக் என்றால் தெற்கத்தி மக்கள்; பக்கத்து நார்ஃபோக் வடக்கத்தி மக்கள். சட்டன் என்பது தெற்குப் பண்ணை. ஹூ என்பது குதிகால் போல நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டுநிலம். ஏறி வந்தபோது என் கெண்டைக்கால் அந்தப் பெயரை ஒப்புக்கொண்டது.

மேட்டின் மீது ஏறத்தாழ பதினெட்டு மண்மேடுகள். பெரும்பாலானவை பல நூற்றாண்டு உழவில் தேய்ந்து, புல்வெளியில் மூச்சு வாங்குவது போல லேசாகப் புடைத்திருக்கின்றன. ஒன்றை மட்டும் பழைய உயரத்துக்கு மீண்டும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவை ஒரு காலத்தில் ஆற்றில் போகிறவன் கண்ணில் எப்படிப் பட்டிருக்கும் என்பது புரிந்தது. பக்கத்தில் 17 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றும் இருக்கிறது. ஏறி நின்றால் மரங்களுக்கு அப்பால் டீபன் ஆறு ஈயத்தகடு போலத் தெரிகிறது. அந்த ஆற்றிலிருந்துதான் 27 மீட்டர் நீளக் கப்பலை இந்த மேட்டுக்கு இழுத்து வந்து, பள்ளம் தோண்டி இறக்கி, நடுவில் மர அறை கட்டி, ஒரு மனிதனையும் அவன் உடைமைகளையும் வைத்து மூடியிருக்கிறார்கள். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம்.

1939-இல் இதைத் தோண்டியவர் பேசில் பிரௌன். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். தொல்லியலும் வானியலும் தாமே கற்றவர். இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் ஈடித் பிரெட்டி என்ற கைம்பெண். மேடுகளுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, இப்ஸ்விச் அருங்காட்சியகம் மூலம் பிரௌனை அமர்த்தினார். முதல் ஆண்டான 1938-இல் சிறிய மேடுகளைத் திறந்தார்கள். கொள்ளையர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு மே மாதம், பெரிய மேட்டில், கூட வேலை செய்த தோட்டக்காரர் ஓர் இரும்புத் துண்டைக் கண்டு கூவினார்.

அது கப்பல் பலகைகளைப் பிணைக்கும் தறையாணி. பிரௌன் அந்த ஆணியைப் பிடுங்கவில்லை. என் கணக்கில் இந்தக் கதையின் உச்சம் இந்த இடம்தான். பின்னால் வந்த தங்கம்கூட அப்புறம்தான். எவரும் செய்வது என்ன? கையில் எடுப்போம், துடைப்போம், அடுத்ததைத் தேடுவோம். அவர் அதை இருந்த இடத்திலேயே விட்டு, சுற்றியிருந்த மணலை மட்டும் தூரிகையால் நீவினார். அடுத்த ஆணி வந்தது. அதற்கடுத்தது. வரிசை வரிசையாக ஆணிகள். ஆனால் அவை பிணைத்த பலகை எங்கும் இல்லை. அமிலம் மிகுந்த மணல் ஓக் மரத்தை முழுக்கத் தின்றுவிட்டிருந்தது. தின்ற இடத்தில் மணல் சற்றுக் கருத்து, கெட்டிப்பட்டு, பலகையின் சாயலை அப்படியே வாங்கி வைத்திருந்தது. சமையலறைத் தூரிகை, பேனாக்கத்தி, ஊதுதுருத்தி இவற்றைக் கொண்டு அந்த மனிதர் இல்லாத ஒரு கப்பலை அணியம் முதல் பின்பகுதி வரை வெளியே எடுத்தார். விலாக்கட்டைகள் இருபத்தாறையும் எண்ண முடிந்தது. பக்கத்துக்கு ஒன்பது பலகைகள். விடுமுறைக்கு வந்த இரண்டு பள்ளி ஆசிரியைகள் எடுத்த படங்கள் இங்கே உள்ளன. அவற்றைப் பார்த்தால் ஏதோ தச்சன் நேற்று செய்து மணலில் கவிழ்த்து எடுத்த வார்ப்பு போல இருக்கிறது.

கொள்ளையர்கள் இதையும் விடவில்லை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு அளவில் யாரோ மேட்டின் உச்சி நடுவிலிருந்து நேராகத் தோண்டியிருக்கிறார்கள். ஆனால் மேட்டின் ஒரு பக்கம் முன்பே கரைக்கப்பட்டிருந்ததால் 'நடு' இடம் மாறிவிட்டது. புதையல் அறை சற்றுத் தள்ளி இருந்தது. தீ மூட்டிக் குளிர் காய்ந்து, ஒரு பானையை உடைத்துப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு போயிருக்கிறார்கள். அவர்களுக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

ஜூலையில் கேம்பிரிட்ஜிலிருந்து பெரிய ஆட்கள் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். முதல் தங்கத்தைக் கண்டவர் பெகி பிகட் என்ற இளம் தொல்லியலாளர். அப்புறம் அது நிற்கவில்லை. ஆகஸ்ட் 14 அன்று சட்டன் கிராமத்துப் பொதுக்கூடத்தில் விசாரணை நடந்தது. யாருக்குச் சொந்தம் என்பது கேள்வி. திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்து வைத்தது என்றால் அரசனுக்கு; ஊரறியப் புதைத்தது என்றால் நிலத்துக்காரருக்கு. இத்தனை பெரிய கப்பலை ஆற்றிலிருந்து மேட்டுக்கு யாருக்கும் தெரியாமல் இழுக்க முடியுமா? நடுவர்கள் பிரெட்டி அம்மையார் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அவரோ அத்தனையையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். மூன்று வாரத்துக்குள் உலகப் போர் தொடங்கியது. புதையல் மறுபடி மண்ணுக்கடியில், லண்டனின் சுரங்க ரயில் பாதை ஒன்றில் போய் ஒளிந்தது.

இரண்டு நாள் முன்பு லண்டனில் அவற்றைப் பார்த்திருந்தேன். மியூசியத்தின் 41-ஆம் அறை. எல்லோரும் தலைக்கவசத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். ஐந்நூறுக்கு மேற்பட்ட சில்லுகளாகக் கிடைத்து, ஒரு முறை தவறாகவும் 1971-இல் சரியாகவும் ஒட்டப்பட்டது. முகத்தை உற்றுப் பாருங்கள்: புருவங்கள் இரண்டும் இறக்கைகள், மூக்கு உடல், மீசை வால். ஒரு பறவை முகத்தின் மீது பறந்துகொண்டிருக்கிறது. புருவத்தின் ஓரத்தில் வரிசையாகச் செந்நிறக் கற்கள். ஒரு புருவத்தில் கல்லுக்கு அடியில் தங்கத் தகடு இருக்கிறது. மறு புருவத்தில் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு கண் மினுங்கும், மற்றது இருண்டிருக்கும். ஒற்றைக் கண் கொண்ட வோடன் தெய்வத்தின் சாயல் இது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான் நம்பத் தயார்.

என் கால்கள் அதிக நேரம் நின்றது தோள் கொக்கிகளின் முன்னால். உள்ளங்கை அளவுத் தங்கத்தில் சிறிய சிறிய அறைகள். ஒவ்வொன்றிலும் மெல்லிய சீவலாக அறுத்த, கார்னெட் என்ற செந்நிறக் கல். அதற்கடியில் கட்டம் கட்டமாகக் கீறிய தங்கத் தகடு, ஒளியைத் திருப்பி அனுப்ப. பூதக்கண்ணாடி இல்லாத காலத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். அக்கால ஐரோப்பிய நகைகளில் உள்ள கார்னெட் கற்களை ஆராய்ந்தவர்கள், பல கற்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று கண்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் செய்தித்தாளில் தாது மணல் வழக்குகளோடு மட்டும் வரும் சொல் கார்னெட். அது இங்கே ஒரு காட்டரசனின் தோளில் இருந்தது என்பதை அறிந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். காட்டரசன் என்று எப்படிச் சொல்வது? பைசாந்தியப் பேரரசன் அனஸ்தாசியஸின் முத்திரை குத்திய வெள்ளித் தட்டும், இன்றைய பிரான்ஸ் பக்கத்துப் பொற்காசுகள் முப்பத்தேழும் அவனோடு கிடந்தன. காசுகளில் எந்த இரண்டும் ஒரே நாணயச்சாலையில் அச்சடித்தவை அல்ல.

அவன் யார்? கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் ரெட்வால்ட் என்பது பலரின் கணிப்பு. உடல் கிடைக்கவில்லை, மணல் அதையும் தின்றுவிட்டது. ரெட்வால்டைப் பற்றி பீட் என்ற துறவி 731-இல் முடித்த வரலாற்றில் முகம் சுளித்து எழுதுகிறார். கென்ட் நாட்டுக்குப் போன இடத்தில் ஞானஸ்நானம் பெற்றான். வீடு திரும்பியதும் மனைவியும் ஆலோசகர்களும் மனத்தை மாற்றிவிட்டார்கள். ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கு ஒரு பீடமும் பழைய தெய்வங்களுக்கு ஒரு சிறு பீடமும் வைத்துக்கொண்டான். துறவிக்குக் கோபம் வந்தது நியாயம்தான். எனக்கோ இந்தக் கூட்டத்தில் முதன்முதலாக ஒருவனைத் தெரிந்தது போல இருந்தது. மனைவி சொல்லையும் தட்டவில்லை, புதுச் சாமியையும் பகைத்துக்கொள்ளவில்லை.

பழைய தெய்வங்களும் எங்கும் போய்விடவில்லை. திரும்பும் வழியில் பையன் எனக்கு வாரநாள் சொல்லிக்கொடுத்தான். ரோமர்களின் கோள் தெய்வங்களுக்குப் பதிலாக ஆங்கிலோ-சாக்சன்கள் தங்கள் தெய்வங்களை வைத்தார்கள். செவ்வாய்க்கு டிவ், புதனுக்கு வோடன், வியாழனுக்கு இடித்தெய்வம் தூனர், வெள்ளிக்கு ஃபிரிக். நாமும் அவர்களும் ஒரே கோள்களின் வரிசையைத்தான் வாரமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சனிக்கிழமைக்கு யார்?" என்றேன். "அதை மட்டும் மாற்றவில்லை மாமா. ரோமர்களின் சனியே இருக்கிறார்." சனியைத் தொட்டுப் பார்க்க எவருக்கும் துணிச்சல் இல்லை போலும்.

மெல்டனிலிருந்து ஒரே ஒரு நிலையம், வுட்பிரிட்ஜ். அங்கே ஆற்றங்கரைக் கொட்டகையில் அதே கப்பலை, அதே அளவில், தன்னார்வலர்கள் மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே கால் வைத்ததும் பச்சை ஓக் மரத்தின் புளித்த வாடை. பாதி எழும்பிய பலகைகள் மீன் முள் போல விரிந்திருந்தன. மேட்டில் இல்லாத கப்பல் இங்கே தலைக்கு மேல் நின்றது. ஒரு பெரியவர் வாய்ச்சியால் கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகல மரச்செதில் ஒன்றை எடுத்துப் பையனிடம் நீட்டினார். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு நெடுநேரம் கப்பலையே பார்த்தான்.

"கட்டி முடித்ததும் இதையும் புதைத்துவிடுவீர்களா?" என்று கேட்டான்.

"இல்லை, துடுப்புப் போட்டு ஓட்டுவோம்" என்றார் அவர்.

"அதற்கு அப்புறம்?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாய்ச்சியை எடுத்து விட்ட இடத்திலிருந்து செதுக்கத் தொடங்கினார்.