கேம்ல துப்பாக்கியை ஒழுங்கா சுட வைக்க நாலு மாசம்: இதுவரைக்கும் செஞ்சது

போன தடவை எழுதுனப்போ துப்பாக்கி எல்லாம் ரெடி, இனிமே எதிரிங்க எப்படி ஓடணும் எங்க ஒளியணும்ங்கிறது தான் பாக்கின்னு சொல்லியிருந்தேன். அது தப்பு. துப்பாக்கி ரெடியாவே இல்ல, இந்த நாலு மாசமும் அதுக்கே போச்சு, ஆனா சந்தோஷமா தான் போச்சு.

புதுசா படிக்கிறவங்களுக்கு: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கேன், பகல்ல வேற வேலை, ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் கோடோங்கிற கேம் செய்யிற சாஃப்ட்வேர்ல ஒரு எஃப்பிஎஸ் கேம் (ஹீரோவோட கண்ணு வழியா பாத்து சுடுற கேம்) பண்றேன். கதை சிம்பிள். முதுநகர் துறைமுகம் மாதிரி ஒரு இடம், பாழடைஞ்ச குடோன், உள்ள கடத்தல் கும்பல், ஹீரோ ரெண்டு கையிலயும் பிஸ்டலோட பறந்து விழுந்துக்கிட்டே சுடுவான், ஒரு பட்டனை அமுக்குனா எல்லாம் ஸ்லோமோஷன் ஆயிடும். ஆக்‌ஷன் படம் பாத்து வளந்தவங்க யாருக்கும் இதை விளக்கவே வேணாம். மாடல் எல்லாம் பாண்டிச்சேரி லாஸ்பேட்டைல இருக்குற என் ஃப்ரெண்டு பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல பண்ணித் தர்றான்.

பிரச்சனை கிளம்புனதே அந்த ஸ்லோமோஷன்ல தான். கிளாக் மாதிரி ஒரு பிஸ்டல்ல ஸ்லைடு (மேல இருக்குற நகர்ற பாகம்) பின்னாடி போய் முன்னாடி வர்றதுக்கு ஒரு செகண்டுல இருபதுல ஒரு பங்கு தான் ஆகும், அதாவது செகண்டுக்கு 60 ஃப்ரேம்ல (60 படம்) ஓடுற கேம்ல வெறும் மூணு ஃப்ரேம். மூணு ஃப்ரேம்ல என்ன தப்பு பண்ணாலும் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனா ஸ்லோமோஷன்ல டைமை அஞ்சுல ஒரு பங்கா குறைச்சிருக்கேன், அப்போ அதே அசைவு பதினஞ்சு ஃப்ரேம், அதுவும் மூஞ்சிக்கு நேரா. சினிமாத்தனமா இருக்கட்டும்னு வச்ச ஐட்டமே துப்பாக்கி நிஜமா இருந்தாத்தான் எடுபடும்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஹீரோ பறக்கலாம், ஆனா அவன் கையில இருக்குற மெஷின் மெஷினா இருக்கணும்.

அன்னைக்கு ராத்திரி ஒவ்வொரு ஃப்ரேமா தள்ளிப் பாத்தேன். ஆன்லைன்ல காசு குடுத்து வாங்குன ஒரு சவுண்டு பேக்ல கிளாக்குக்கு ஹேமர் (பின்னாடி இருக்குற சின்ன சுத்தியல்) இழுக்குற "க்ளிக்" சத்தம் வச்சிருந்தாங்க. கிளாக்ல வெளிய ஹேமரே கிடையாது, உள்ள ஸ்ட்ரைக்கர் (ஸ்பிரிங்ல ஓடுற ஊசி) தான். படத்துல வில்லன் நெத்தியில வச்சு க்ளிக்னு சத்தம் வந்தா தியேட்டரே அமைதி ஆகும், அந்த எஃபெக்ட் எனக்கும் ரொம்ப புடிக்கும், அதை விட மனசு வரல. அதனால வில்லனுக்கு பெரெட்டா 92 குடுத்துட்டேன், அதுல ஹேமர் இருக்கு, கட்டை விரலால இழுக்கலாம், சத்தமும் நியாயமா வரும். ஹீரோவுக்கு கிளாக் 17. ரெண்டுமே 9 மிமீ தான், பெரெட்டால 15 ரவுண்டு (தோட்டா), கிளாக்ல 17, கடைசி ரவுண்டு போனதும் ரெண்டுலயும் ஸ்லைடு பின்னாடியே நின்னுடும். இது கேமுக்குக் கிடைச்ச வரம்னே சொல்லுவேன், ஏன்னா ஸ்கிரீன் ஓரத்துல நம்பர் காட்டவே வேணாம், ஸ்லைடு நின்னா காலி, அவ்ளோதான். நம்பரை தூக்கிட்டேன்.

ரீலோடும் மாத்துனேன். முன்னாடி எல்லா ரவுண்டும் ஒரே பானைல கிடக்குற மாதிரி கணக்கு இருந்துச்சு, பாதி மகசினை (தோட்டா அடுக்குற பெட்டியை) கழட்டிப் போட்டாலும் மிச்சம் அப்படியே திரும்ப வந்து சேந்துக்கும். இப்போ ஒவ்வொரு மகசினும் தனித்தனி, நாலு ரவுண்டு மிச்சம் இருக்குற மகசினை பாக்கெட்ல போட்டா அது நாலாவே தான் இருக்கும். சேம்பர்ல (குழலோட பின்முனைல) ஒண்ணு இருக்கும்போது மகசின் மாத்துனா 17 கூட ஒண்ணு, 18. முதல்ல ஆடிப் பாத்த பசங்க கத்துனாங்க, ரெண்டு நாள் கழிச்சு அவங்களே ஒளிஞ்சு நின்னு எத்தனை சுட்டோம்னு மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

அடுத்தது ஆட்டோமேட்டிக், அதாவது விசையை அமுக்கி வச்சா விடாம சுடுற துப்பாக்கி. இதைக் கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், ஏன்னா இதே தப்பை கேம் பண்ற நிறைய பேர் பண்றாங்கன்னு நினைக்கிறேன்.

ஏகே-47 நிமிஷத்துக்கு சுமார் 600 ரவுண்டு, எம்பி5 சுமார் 800. கணக்குப்படி ஏகேக்கு ரெண்டு ரவுண்டுக்கு நடுவுல 100 மில்லிசெகண்டு, எம்பி5க்கு 75. நான் எழுதியிருந்த கோடு என்னன்னா, ஒவ்வொரு ஃப்ரேமும் "டைம் ஆச்சா?"ன்னு கேக்கும், ஆச்சுன்னா சுடும், அங்கேர்ந்து மறுபடி பூஜ்ஜியத்துலேர்ந்து எண்ணும். பாக்க சரியா தானே இருக்கு? 60 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்டு. 75ங்கிறது நாலரை ஃப்ரேம். நாலாவது ஃப்ரேம்ல கேட்டா இன்னும் ஆகல, அஞ்சாவதுல தான் சுடும், அதாவது 83. எம்பி5 800-க்கு பதிலா 720-ல ஓடிக்கிட்டு இருந்துருக்கு. ஃப்ரெண்டோட பழைய லேப்டாப்ல 30 ஃப்ரேம் தான் வரும், அங்க மூணு ஃப்ரேம் ஆயிடுது, 100 மில்லிசெகண்டு, அப்போ எம்பி5-ம் ஏகேவும் ஒரே வேகம்! "மச்சி ரெண்டும் ஒரே மாதிரி இருக்குடா, சத்தம் தான் வேற"ன்னு அவன் மொதல்லேர்ந்தே சொல்லிட்டு இருந்தான், நான் தான் காதுல வாங்கல.

கேம் சத்தத்தை ரெக்கார்டு பண்ணி ஆடாசிட்டிங்கிற சவுண்டு எடிட்டர்ல போட்டு ரெண்டு வெடிச் சத்தத்தோட முள்ளுக்கு நடுவுல எவ்ளோ கேப்புன்னு அளந்தப்போ தான் பிடிபட்டுச்சு, வரிசையா 83, 83, 83. மிச்ச டைமை பூஜ்ஜியம் ஆக்காம அடுத்த ரவுண்டுக்கு கொண்டு போற மாதிரி மாத்துனேன், உடனே 67, 83, 67, 83-ன்னு மாறி மாறி வந்துச்சு, சராசரி 75 சரி தான், ஆனா காதுக்கு நொண்டி நொண்டி ஓடுற மாதிரி இருந்துச்சு. கடைசில சுடுற கணக்கை மட்டும் செகண்டுக்கு 120 தடவை ஓடுற பிசிக்ஸ் டிக்குக்கு (கேம் உள்ளுக்குள்ள சம இடைவெளில போடுற கணக்கு) தூக்கிட்டேன். ஒரு டிக் 8.33, ஒம்பது டிக் சரியா 75, பன்னண்டு டிக் சரியா 100. ரெண்டு துப்பாக்கிக்கும் அளவெடுத்து தச்ச மாதிரி உக்காந்துடுச்சு. இப்போ ஏகே தட-தட-தட, எம்பி5 துணி கிழியிற மாதிரி ஒரே இழுப்பு. கண்ணை மூடிட்டு கேட்டாலே எதுன்னு சொல்லிடலாம்.

இன்னொண்ணு, 30 ரவுண்டு மகசின் ஏகேல மூணு செகண்டு கூட வராது, எம்பி5-ல ரெண்டேகால் செகண்டுக்குள்ள காலி. படத்துல ஹீரோ மகசினே மாத்தாம ஒரு முழு சண்டையும் ஓட்டுவாரு, நான் அதை எடுத்துட்டேன், ஆனா அந்த மூணு செகண்டு முடிஞ்சதும் வர்ற அமைதியும், எதிரி அந்த கேப்புல தலையைத் தூக்கி எட்டிப் பாக்குறதும் கேமுக்கு புதுசா ஒரு டென்ஷனை குடுத்துருக்கு. ஏகேல போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கிற பாகம்) கிளாக்கோட ஸ்லைடு மாதிரி பின்னாடி நிக்காது, காலின்னு வெறும் "டக்" சத்தத்துல தான் தெரியும், புது மகசின் போட்டுட்டு வலது பக்கம் இருக்குற கைப்பிடியை இழுத்து விடணும். வலது பக்கம்னு அழுத்தி சொல்றேன், ஏன்னா பிரவுசிங் சென்டர்ல கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடி ஆடி எனக்கு அது இடது பக்கம்னே மனசுல பதிஞ்சு போயிருந்துச்சு, அந்த கேம்ல மாடலை கண்ணாடில பாக்குற மாதிரி திருப்பி வச்சிருப்பாங்க.

சத்தத்துக்கு வர்றேன். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் பீச்சுல சாமி எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும்போது வெடி போட்டாங்க. கல்யாண வீடியோ எடுக்குற ஒருத்தர்கிட்ட சின்ன ரெக்கார்டர் கடன் வாங்கிட்டு போயிருந்தேன், போன்ல எடுத்தா ஆட்டோ கெயின் (சத்தத்தை தானா ஏத்தி இறக்குறது) வெடியோட தலையை நசுக்கிடும், வெறும் "பொத்"துன்னு தான் கேக்கும். கெயினை அடியில வச்சு பக்கத்துலேர்ந்து கொஞ்சம், நூறு மீட்டர்லேர்ந்து கொஞ்சம், அப்புறம் மணல்ல ரொம்ப தூரம் நடந்து போய் கொஞ்சம் எடுத்தேன். தூரத்துல நிக்கும்போது மொதல்ல புகை எழும்புறது தெரியுது, மனசுக்குள்ள "ஒண்ணு"ன்னு எண்ணி முடிக்கிறப்போ சத்தம் வந்து நெஞ்சுல இடிக்குது. நம்ம ஊர் வெயிலுக்கு சத்தம் செகண்டுக்கு சுமார் 350 மீட்டர் போகும், அப்போ நான் நின்ன இடம் ஏறக்குறைய அவ்ளோ தூரம். அதை அப்படியே கேம்ல வச்சேன். குடோன் கூரைல ஒருத்தன் .303 லீ-என்ஃபீல்டு ரைபிளோட இருக்கான், தோட்டா கிளம்பும்போதே செகண்டுக்கு 740 மீட்டர் வேகம், சத்தத்தை விட ரெட்டிப்புக்கு மேல, அதனால மொதல்ல தோட்டா தாண்டும்போது காதோரம் சவுக்கடி மாதிரி ஒரு "சட்", அப்புறம் தான் துப்பாக்கி சத்தம் தூரத்துலேர்ந்து "டொம்". அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற கேப்பை வச்சே அவன் எவ்ளோ தூரத்துல இருக்கான்னு கண்டுபிடிக்கலாம்.

சைலன்சரை படம் மாதிரி "ப்ஸ்க்"னு வைக்கல. பிஸ்டல் சத்தம் சாதாரணமா 160 டெசிபலுக்குப் பக்கம், சைலன்சர் நல்லா வேலை செஞ்சா ஒரு முப்பது குறையும். மிச்சம் 130. பட்டாசுக்கு நாலு மீட்டர் தள்ளி 125 டெசிபலைத் தாண்டக் கூடாதுன்னு நம்ம நாட்டு சட்டத்துலயே இருக்கு, பாத்துக்கோங்க. கேம்ல சைலன்சர் போட்டு சுட்டா அடுத்த ரூம்ல இருக்குறவனுக்கு கேக்கும், ஆனா எங்கேர்ந்துன்னு தெரியாது, தேடுவான்.

சுட்டதும் ஆள் பறந்து போய் செவுத்துல மோதுறதையும் எடுத்தாச்சு. 9 மிமீ தோட்டா 8 கிராம், வேகம் செகண்டுக்கு 360 மீட்டர், 70 கிலோ ஆளை அது தள்ளுனா செகண்டுக்கு நாலு சென்டிமீட்டர் வேகம் தான் வரும். காலி கேஸ் (சுட்ட பிறகு மிச்சமாகுற பித்தளைக் கூடு) தரையில விழுற சத்தத்துக்கு பித்தளை நட்டை கடப்பா கல்லுலயும் மொசைக்லயும் மாத்தி மாத்தி போட்டு எடுத்தேன், மணல் தரைன்னா சத்தமே கிடையாது.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச நாள் பெரியப்பா வீட்டுக்கு போனது. ஆயுதப்படைல இருந்து ரிட்டயர் ஆனவரு, வருஷக்கணக்கா த்ரீ நாட் த்ரீ, அதாவது அந்த .303 ரைபிள் தூக்குனவரு. நான் என்சிசில .22 ரைபிள்ல படுத்துக்கிட்டு அஞ்சு ரவுண்டு சுட்டது தான் என் மொத்த அனுபவம், சுட்டு முடிச்சதும் காலி கேஸை எண்ணி ஒப்படைச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. ஃப்ரெண்டு பண்ண போல்ட் அனிமேஷன் எனக்கு ஏதோ இடிச்சுட்டே இருந்துச்சு, என்னன்னு சொல்லத் தெரியல. "பெரியப்பா, போல்ட்டை எப்படி இழுப்பீங்க, கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்"னேன். மூலைல இருந்த குடையை எடுத்து தோள்ல வச்சாரு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத ஒரு குமிழை புடிச்சுது, மேல தூக்கி, பின்னாடி இழுத்து, முன்னாடி தள்ளி, கீழ மடக்குனாரு. அதுல முன்னாடி தள்ளும்போது கடைசி ஒரு இஞ்சு கிட்ட கை மெதுவாச்சு, மணிக்கட்டு இறுகுச்சு.

"ஏன் பெரியப்பா அங்க மட்டும் அழுத்துறீங்க?"

"அங்க தான்டா தம்பி ஸ்பிரிங்கு இறுகும். இழுக்கும்போது லேசா வந்துடும், தள்ளும்போது தான் முட்டும்."

அது தான் இடிச்ச இடம். லீ-என்ஃபீல்டுல போல்ட்டை மூடும்போது தான் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் அழுந்தும், நாங்க தூக்கும்போதே கை கஷ்டப்படுற மாதிரி பண்ணியிருந்தோம். துப்பாக்கியை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, அவரு கைக்கு இன்னும் அந்த இஞ்சு ஞாபகம் இருக்கு. குடையை போன்ல வீடியோ எடுத்து லாஸ்பேட்டைக்கு அனுப்புனேன், அன்னைக்கு ராத்திரியே அவன் அனிமேஷனை மாத்தி அனுப்பிட்டான், பாத்ததும் உடம்பு சிலிர்த்துச்சு.

போன ஞாயித்துக்கெழம லேப்டாப்பை தூக்கிட்டு அவருகிட்டயே போய் போட்டுக் காட்டுனேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு பக்கத்துல உக்காந்தாரு. நான் கூரைல ஏறி அந்த ரைபிளை புடுங்கி சுட ஆரம்பிச்சேன், அவரு ஒண்ணு, ரெண்டுன்னு வாய்க்குள்ளயே எண்ணிட்டு வந்தாரு. பத்து சொல்லி முடிச்சதும் "டக்". தலையை ஆட்டுனாரு. அப்புறம் "திரும்ப சுடு"ன்னாரு. சுட்டேன். ஸ்கிரீன் கிட்ட குனிஞ்சாரு.

"டேய், சுட்ட உடனேயே கேஸ் எப்படிடா வெளிய வருது? போல்ட்டை இழுத்தா தானே வரணும்?"

பிஸ்டலுக்கு எழுதுன கோடையே ரைபிளுக்கும் போட்டிருந்தேன், நாலு மாசமா ஃப்ரேம் ஃப்ரேமா பாத்த நானும் கவனிக்கல, ஃப்ரெண்டும் கவனிக்கல. அங்கேயே அவரு வீட்டு கட்டில்ல உக்காந்து கேஸ் வெளிய வர்ற சிக்னலை சுடுற இடத்துலேர்ந்து எடுத்து போல்ட் பின்னாடி போற இடத்துல வச்சேன், பத்து நிமிஷ வேலை. ஸ்லோமோஷன் பட்டனை அமுக்கி மறுபடி சுட்டுக் காட்டுனேன். போல்ட் பின்னாடி வந்துச்சு, கேஸ் உருண்டுக்கிட்டே வலது பக்கம் போய் விழுந்துச்சு. பெரியப்பா எதுவும் சொல்லல, கையை நீட்டி மவுஸை அவரு பக்கம் இழுத்துக்கிட்டாரு.