ஈரத் தொப்பி

ராமேசுவரத்தில் ஒரு விடுதி வாசலில் காவலுக்கு நிற்கிறேன். சேர்ந்த அன்று சாக்குக்குள் கைவிட்டு ஒரு தொப்பியை எடுத்துத் தந்தார்கள். எல்லாத் தலைக்கும் ஒரே அளவு, பின்னால் எலாஸ்டிக். ஆடி மாதக் கச்சான் காற்றில் அது இரண்டு முறை பறந்து தொலைந்தது. இரண்டு முறையும் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இதற்கு முன்னால் பதினேழு வருடம் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். 1780-ல் தொடங்கிய படை. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் எங்கள் தலைமையிடம். அங்கே எங்களுக்கெல்லாம் ஒரே பெயர்தான், 'தம்பி'. வடக்கத்தி அதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார். அணிவகுப்பில் நாங்கள் வைக்கும் 'டூப்டா' என்ற தொப்பி விளிம்பில்லாமல் நேராக நிமிர்ந்து நிற்கும். தூரத்திலிருந்தே தம்பிகள் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தொப்பி சும்மா அழகுக்கு வந்ததில்லை. பிரிட்டிஷ் டாங்கிப் படைக்கு 1924-ல் கறுப்பு பெரட் வந்தது, விளிம்பில்லாத மெத்தென்ற கம்பளித் தொப்பி. விளிம்பு வைத்த தொப்பியோடு டாங்கிக்குள் நுழைந்தால் இடிக்கும். கறுப்பில் எண்ணெய்க் கறை தெரியாது. அவ்வளவுதான் காரணம். நம் டாங்கி ஆட்களும் இன்றுவரை கறுப்புதான். பாராசூட் படைக்கு மெரூன். புதுச்சேரிக்குப் போனால் போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெபி, பிரெஞ்சுப் பாணித் தொப்பி. பிரெஞ்சுக்காரன் போய் எத்தனை காலமாச்சு, தொப்பி மட்டும் போகவில்லை.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பையன் என்சிசி-யில் தந்த புது பெரட்டோடு வந்தான். ஆப்பச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி தலையில் நின்றது.

"மாமா, எல்லாரும் சிரிக்கிறாங்க."

வெந்நீரில் முக்கினேன். முறுக்கக் கூடாது, உள்ளங்கையால் அழுத்திப் பிழிய வேண்டும். ஈரத்தோடு அவன் தலையில் வைத்து, பட்டை புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நேராக ஓடுகிறதா என்று பார்த்தேன். பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே. மிச்சத் துணியை வலது காது பக்கம் இழுத்து நீவிவிட்டேன். காதோரம் சாயத் தண்ணீர் வழிந்தது. படையில் எனக்குப் பயிற்சி தந்த உஸ்தாத் அன்று நீவியபோது தலையில் ஒரு குட்டும் சேர்ந்து விழுந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன்.

"எப்ப கழற்றலாம்?"

"காயட்டும். அதுவரை தொடாதே."

மத்தியானம் என் மனைவி அவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டாள். தொப்பியோடு உட்கார்ந்து, தலையை ஆட்டாமல், மீன் முள்ளைக் கவனமாக எடுத்துச் சாப்பிட்டான்.