ஜிலேபியின் நிறை

2025 ஜனவரி 11, சனி

ஜிலேபி, எங்கள் லெப்பர்ட் கெக்கோப் பல்லி, 61 கிராம். போன சனி 63. தண்ணீர் நக்கினாள், புழுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. தராசில் ஏற்றினால் வாலை நெளித்துக் கோபிப்பவள், இன்று கிண்ணத்துக்குள் பேசாமல் கிடந்தாள். மா நிறுக்கிற தராசில் பல்லியை ஏற்றாதே என்று அம்மா வழக்கம்போலச் சொன்னார்.

ஜனவரி 13, திங்கள்

இரவு வேலை முடிந்து வந்தபோது ஐந்தே கால். இந்த வீட்டில் அந்த நேரத்தில் விழித்திருப்பது நானும் அவளும்தான். இரண்டு கிரிக்கெட் பூச்சியைக் கல்சியம் தூளில் உருட்டிப் போட்டேன். ஒன்று அவள் மூக்கின் மேலேயே ஏறி நடந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். (எங்கள் சுவர்ப் பல்லிகளுக்கு இமை கிடையாது, இவளுக்கு உண்டு. வெறுப்பைக் காட்ட அது நல்ல வசதி.) பூச்சிகளைத் தேடிப் பிடித்து வெளியே எடுத்த பிறகுதான் படுத்தேன். விட்டுவைத்தால் இரவில் அவளையே கடிக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பால் பொங்கியது. ஜிலேபி சாப்பிடவில்லை.

ஜனவரி 18, சனி

59.

வால்தான் என் பிரச்சினை. லெப்பர்ட் கெக்கோவின் சேமிப்பு முழுவதும் வாலில்தான், கொழுப்பாக. கழுத்தளவு தடிப்பாக இருந்தால் பயமில்லை என்பார்கள். இன்று விரலை வைத்துப் பார்த்தேன், அடிவாலில் ஒரு மடிப்பு விழுந்த மாதிரி இருக்கிறது. போன மாதப் படத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். ஒரு படத்தில் மடிப்பு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. வெளிச்சம்தான் காரணமா?

சூடு காணாவிட்டால் செரிக்காது, செரிக்காவிட்டால் சாப்பிடாது. அதனால் முதலில் அதைப் பார்த்தேன். சூடான குகைக்குள் 33 பாகை, மறுபக்கம் 25. தெர்மோஸ்டாட் ஒழுங்காக வேலை செய்கிறது. மணல் குடலில் அடைத்துக்கொள்ளும் என்பார்கள், ஆனால் இவள் மணலையே கண்டதில்லை. வாங்கின அன்று கடைக்காரர் கல்சியம் மணல் ஒரு பை விற்கப் பார்த்தார், மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வந்த நாளிலிருந்து கடதாசித் துவாயில்தான் இருக்கிறாள்.

மிச்சம் இருப்பதில் ஒன்றை எழுதவே விருப்பமில்லை. கிரிப்டோ. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. குடலின் உள்தோலில் குடியேறி, தின்றது உடம்பில் ஒட்டாமல் செய்துவிடும். வால் குச்சியாகும். முற்றாகத் தீர்க்கும் மருந்து கிடையாது. பிளீச் ஊற்றிக் கழுவினாலும் அதன் முட்டைகள் சாகாதாம்.

வாட்ஸ்அப்பில் மகளுக்கு எழுதினேன். பதில்: "அப்பா, இரவில கூகிள் பார்க்காதீங்கோ."

ஜனவரி 19, ஞாயிறு

மகள் படிக்கிற வாட்டர்லூவிலிருந்து போன் எடுத்தாள். இந்தக் கிழமை கோ-ஆப் (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) நேர்முகங்கள், குரலே அடைத்துக் கிடக்கிறது. "அவள் பொம்பிளை, மூண்டு வயசு, இது ஜனவரி. முட்டைச் சீசன் தொடங்குது. வயித்தைப் பாருங்கோ, இளஞ்சிவப்பா வட்டம் தெரியுதா?"

ஆணே இல்லாமலும் முட்டை கட்டும், இடும், கோழி மாதிரி. அந்த நாட்களில் வாரக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், அதுவும் இயல்புதானாம். ஆக, ஒன்றுமில்லாததும் ஆளை முடிக்கிறதும் தராசில் ஒரே எண்ணைத்தான் காட்டும். வயிற்றைப் பார்த்தேன். வட்டம் இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு அது வேண்டும் என்பதால் தெரிகிறதோ என்னவோ.

ஜனவரி 25, சனி

தோல் உரித்தாள். காலையில் சாம்பல் பூசினவள் போல வெளிறிக் கிடந்தாள், மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றித் தின்றுவிட்டாள். இந்த மாதத்தில் அவள் வயிற்றுக்குள் போன முதல் சாப்பாடு அவளுடைய தோல்.

முன்னங்கால் விரல் ஒன்றில் மட்டும் மிச்சம் ஒட்டியிருந்தது, மோதிரம் மாதிரி. விட்டால் இறுகும், இரத்தம் ஓடாது, விரல் கறுத்து விழும். தட்டையான டப்பாவில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் நிற்க வைத்தேன். பிறகு பஞ்சுக்குச்சியால் மெல்ல உருட்டினேன். இழுக்கக் கூடாது. இரண்டாம் தரம்தான் கழன்றது. தொழிற்சாலையில் நாள் முழுக்க ஆணி முடுக்குகிற கைக்கு இது பெரிய பரீட்சை. ஈரக்குகைக்குள் பாசியை நனைத்து வைத்தேன்.

58. தோலையும் சேர்த்துத்தான் 58.

ஜனவரி 29, புதன்

ஒரு புழு தின்றாள்! நேற்றிரவு, என் கண் முன்னால்.

காலையில் அது துவாயில் கிடந்தது. அரைகுறையாக, வழுவழுவென்று.

கக்குவதும் கிரிப்டோவின் அறிகுறிகளில் ஒன்று. மிருக வைத்தியர் இரண்டு பேரை அழைத்தேன். நாய், பூனை மட்டும்தானாம். மூன்றாவது இடத்தில் ஊர்வன பார்ப்பார்கள், பெப்ரவரி 6-க்குத்தான் இடம். அதுவரை சாப்பாடு கொடுத்து வதைக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும் என்றார் அங்கே போன் எடுத்த பெண். மலம் புதிதாகக் கிடைத்தால் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

பெப்ரவரி 5, புதன்

குளிர்சாதனப் பெட்டியில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவை அம்மா திறந்துவிட்டார். இன்று வீட்டில் பேச்சு இல்லை.

பெப்ரவரி 6, வியாழன்

வெளியே மைனஸ் குளிர். பிக்னிக் பெட்டியில் துவாய் சுற்றிய சுடுதண்ணிப் போத்தல், அதன் பக்கத்தில் அவளுடைய டப்பா. 401 நெடுஞ்சாலையில் போகும்போது பக்கத்து இருக்கையைத்தான் அதிகம் பார்த்தேன் போல, யாரோ ஹோர்ன் அடித்தார்.

டாக்டர் இளம் பெண். ஜிலேபியை உள்ளங்கையில் வைத்து அடியிலிருந்து வெளிச்சம் காட்டினார். வாயைத் திறந்து பார்த்தார், தாடை எலும்பை அழுத்திப் பார்த்தார். கல்சியம் குறைந்தால் அது ரப்பர் மாதிரி வளையும். இவளுக்கு உறுதி. பிறகு அல்ட்ராசவுண்ட்: வட்டம் வட்டமாகக் கருமுட்டைகள். மகள் சொன்னது சரி. "இவை முட்டையாகி வெளியே வரலாம், இல்லாவிட்டால் உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இரண்டும் நடக்காமல் தங்கினால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும்."

மலத்தில் கொஞ்சம் ஊசிப்புழு முட்டைகள், பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. கக்கினதைச் சொன்னதும் எழுதுவதை ஒரு நொடி நிறுத்தினார். கிரிப்டோவுக்கு பிசிஆர் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வர ஏழு முதல் பத்து நாள்.

தராசு அங்கே 57 காட்டியது. நம்முடையது 56. யாரை நம்புவது?

பெப்ரவரி 8, சனி

56. (நம்முடைய தராசை நம்புகிறேன்.)

தூக்கம் இல்லை. எதற்கென்றே தெரியாமல் லெமன் ஃப்ரொஸ்ட் பற்றி இரண்டு மணி வரை வாசித்தேன். பளிச்சென்ற வெண்மஞ்சள் வகை, ஒரு காலத்தில் கொள்ளை விலை. 2021-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் ஆட்கள் இந்த வகைக்கு வரும் தோல் கட்டியின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மரபில் அந்த நிறத்தைக் கொடுக்கிற இடத்திலேயே கட்டிக்கான காரணமும் இருக்கிறது, SPINT1 என்ற மரபணுவோடு சேர்ந்து. அந்த வகையில் ஐந்தில் நாலுக்கும் மேல் கட்டி வருமாம். அழகுக்காகச் சோடி சேர்த்து நோயைப் பெருக்கியிருக்கிறோம். ஜிலேபி லெமன் ஃப்ரொஸ்ட் இல்லை, சாதாரண செம்மஞ்சள். இருந்தும் டோர்ச் எடுத்துப் போய் வயிற்றுத் தோலைப் பார்த்தேன்.

உருப்படியாக வாசித்தது ஒன்று: இவர்களின் பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா, கல்லும் புல்லுமான வறண்ட நிலம். அங்கும் பனிக்காலம் உண்டு. பொந்துக்குள் இறங்கி, வாலைத் தின்றுகொண்டே கிடப்பார்கள்.

பெப்ரவரி 13, வியாழன்

பனி கொட்டுகிறது. மாலையில் கரண்ட் போய் முக்கால் மணியில் வந்தது. கண்ணாடித் தொட்டியை என் கம்பளியால் மூடினேன். அம்மாவுக்கு இன்னொரு கம்பளி கொடுத்தது கொஞ்சம் பிந்தித்தான் என்று அவர் கணக்கு வைத்திருக்கிறார்.

ஆய்வுகூடத்திலிருந்து ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

ஒன்றும் இல்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

மகள் லீவுக்கு வந்தாள், பனியில் பஸ் இரண்டு மணி பிந்தி. சப்பாத்தைக் கழற்றாமலே ஜிலேபியைத் தூக்கினாள். அவள் மகளின் சட்டைக் கழுத்துக்குள் ஏறிப் படுத்துக்கொண்டாள். என்னிடம் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

டாக்டர் தந்த சத்து மாவைக் கரைத்து மூக்கு நுனியில் ஒரு துளி வைப்பேன், நக்குவாள், அப்படியே கொஞ்சம் உள்ளே போகும். மகள் அதற்கும் சண்டை பிடித்தாள். அலைக்கழிச்சால் இன்னும் சாப்பிடாது, விடுங்கோ என்கிறாள். அம்மா அவள் பக்கம்: "நான் கந்தசட்டிக்கு ஆறு நாளும் தண்ணியோட இருக்கிறன். ஆர் என்னைத் தராசில ஏத்தினது?"

பெப்ரவரி 19, புதன்

நெகடிவ்.

பெப்ரவரி 20, வியாழன்

அந்த ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வராது. விட்டு விட்டுத்தான் வரும். ஒரு நெகடிவை வைத்து முடிவு சொல்ல முடியாது, சில வாரம் கழித்துத் திரும்பச் செய்வோம் என்றார் டாக்டர். நேற்று எல்லோரும் பாயசம் குடித்தார்கள். நானும் குடித்தேன்.

வால் மடிப்பு இருக்கிறது. மகளிடம் காட்டினேன். "எந்த மடிப்பு?" என்றாள்.

பெப்ரவரி 22, சனி

55. மூலையைக் கிளறுகிறாள். துவாயைச் சுருட்டி எறிகிறாள். மகள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வட்ட வாசல் வெட்டி, நனைத்த தென்னந்தும்பு மண் நிரப்பி உள்ளே வைத்தாள். நாளை அவள் திரும்பிப் போகிறாள். நான் செய்ய வேண்டியதை எல்லாம் கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். முதல் வரி: "அப்பா நித்திரை கொள்ள வேண்டும்."

பெப்ரவரி 26, புதன்

இரவு முழுக்கக் கிளறல். அதிகாலை பெட்டியைத் திறந்தால் மண்ணுக்குள் முட்டை! மஞ்சளித்து, தோல் போல, ஒரு பக்கம் அமுங்கி. கரு இல்லாத முட்டை, பரவாயில்லை, வெளியே வந்ததே போதும். அம்மாவை எழுப்பிக் காட்டினேன். எழும்பி வந்து பார்த்தார், சிரித்தார்.

பிறகுதான் நினைவு வந்தது. இவர்கள் பெரும்பாலும் இரண்டாக இடுவார்கள். மண் முழுவதையும் விரலால் அரித்துப் பார்த்தேன். ஒன்றுதான்.

பெப்ரவரி 27, வியாழன்

இரண்டாவது இல்லை. கிளறுவதை நிறுத்திவிட்டாள். வயிற்றின் வலப்பக்கம் நீளமாக ஏதோ தெரிகிறது. மகள் படம் கேட்டாள், அனுப்பினேன். இந்தத் தரம் அவள் உடனே பதில் எழுதவில்லை.

மார்ச் 1, சனி

51. ஈரக்குகையிலேயே கிடக்கிறாள், கல்சியம் கலந்த தண்ணீரை மட்டும் கொஞ்சம் நக்கினாள். முட்டை உள்ளே சிக்கியிருந்தால் காத்திருக்கக் கூடாதாம். பத்தரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், எக்ஸ்ரே. மகள் போனிலேயே இருக்கிறாள், அம்மா சுடுதண்ணி வைக்கிறார். நான் போய்க் கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்ட வேண்டும்.