தொடர்பு கிடைத்த பின்னர் தொடங்கிய வேலை

கல்லடியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னைகளுக்கிடையே பத்து மீட்டர்க் கம்பியை இழுத்துக் கட்டி, அமெச்சூர் வானொலியில் 14 மெகாஹேர்ட்ஸில் பேசத் தொடங்கிய இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் என் கொப்பியில் ஏறிவிட்டன. ஆனால் நூறு நாடுகளை எட்டியவர்களுக்கான டிஎக்ஸ்சிசி விருதுக்குப் பேசியது மட்டும் போதாது. எதிர்முனையில் இருந்தவரும் அதே தொடர்பை உறுதிப்படுத்த வேண்டும். அவ்வாறு உறுதியான 100 நாடுகளோ தனியாகக் கணக்கிடப்படும் பகுதிகளோ இருந்தால்தான் அமெரிக்காவின் அமெச்சூர் வானொலிச் சங்கமான ஏஆர்ஆர்எல் சான்றிதழ் வழங்கும். அந்தமானும் இலட்சத்தீவும் இந்தியாவோடு சேராமல் தனித்தனியாக எண்ணப்படுவது இப்பட்டியலின் சிறப்பு.

2003 முதல் அவ்வமைப்பு நடத்தும் ‘லாக்புக் ஆஃப் த வேர்ல்ட்’ என்ற இணையப் பதிவேட்டில் சேர, வானொலி உரிமத்தின் நகலையும் என்னை அடையாளப்படுத்தும் இன்னோர் அரச ஆவணத்தின் நகலையும் அனுப்பினேன். அவற்றைச் சரிபார்த்து அவர்கள் தரும் மின்னணுச் சான்றால் ஒப்பமிட்ட பதிவுகள் மட்டுமே அங்கே ஏற்கப்படும் என்பதால், இந்தக் கெடுபிடி எனக்கு நியாயமாகவே பட்டது.

கொப்பியில் இருந்ததையெல்லாம் கணினியில் தட்டி ஏற்றி நான்கு நாட்கள் காத்திருந்தும் ஒரு தொடர்புகூட எதிர்முனையில் இருந்தவரின் பதிவோடு பொருந்தவில்லை. கண்டியிலுள்ள மூத்த வானொலி நண்பரிடம் தொலைபேசியில் சொன்னபோது, “தம்பி, நேரத்தை எந்தக் கணக்கில எழுதினீங்க?” என்று கேட்டார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். இரு தரப்பு நேரமும் 30 நிமிடங்களுக்குள் ஒத்துப்போக வேண்டிய இடத்தில், உலகப் பொதுநேரத்திலிருந்து ஐந்தரை மணிநேரம் நான் விலகி நின்றிருக்கிறேன். அதனினும் சிக்கல் தேதி: மார்ச் 23 அதிகாலை 1.15 என்று நான் எழுதிய பின்லாந்துத் தொடர்பு, பின்லாந்துக்காரரின் பதிவேட்டில் மார்ச் 22, 19.45 என்றே இருக்கும். அதிகாலை ஐந்தரைக்கு முன் பேசிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைப் பின்தள்ளி, வரி வரியாகத் திருத்த மூன்று இரவுகள் சென்றன. ஏற்றியவற்றை அங்கே அழிக்க இயலாது. பிழையானவை யாருடனும் பொருந்தாமல் அப்படியே கிடக்கும், திருத்தியவற்றைப் புதிதாக ஏற்றினால் போதும். மறுநாள் காலை 71 நாடுகள் உறுதியாகியிருந்ததைப் பார்த்து, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மீதிக்கு, தொடர்பை உறுதிப்படுத்தித் தபாலில் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டைகளையே நம்பினேன். வானொலிச் சங்கங்களின் அட்டைப் பணியகங்கள் வழியே அனுப்பினால் செலவு குறைவு, ஆனால் ஓராண்டும் இரண்டாண்டும் செல்லும். நேரடித் தபாலில், என் விலாசமெழுதிய உறையோடு திரும்பும் தபாற்செலவுக்கு இரண்டு டொலரும் வைக்க வேண்டியிருந்தது. இப்படி வந்த ஓர் அட்டையில், தேதியின் 8 என்ற எண் 9-இன் மேல் நீல மையால் அழுத்தி எழுதப்பட்டிருந்தது. திருத்தம் தெரியும் அட்டையை ஏற்கமாட்டார்கள். அனுப்பியவர் நல்லெண்ணத்தோடு செய்த திருத்தம்தான் என்றாலும், விவரம் விளக்கிப் புதிய அட்டை கேட்டு எழுதினேன். ஏழு வாரங்களில் சுத்தமான அட்டை வந்து சேர்ந்தது, அதுதான் நூறாவது. அன்றிரவே விண்ணப்பத்தை நிரப்பினேன்.