தும்மல் தொடங்கும் முன்பே தொடங்க வேண்டிய மருந்து

லண்டனுக்கு வந்து முதல் நான்கு வருஷம் எனக்கு ஒன்றுமே இல்லை. ஐந்தாவது வருஷம் ஜூன் மாதம், ஹாரோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் புல் வெட்டிய அன்று காலையில் ஆரம்பித்த தும்மல் ராத்திரி வரைக்கும் நிற்கவில்லை. அம்மாவோடு போனில் பேசும்போது தும்மினால், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல இன்னும் "நூறு" என்பார், அடுத்த தும்மலுக்கு "இருநூறு". அன்றைக்கு எழுநூறு வரை போய்விட்டு, "ஏண்டி, டாக்டர்கிட்ட காட்டேன்" என்றார்.

நான் காட்டவில்லை. சளி என்று நினைத்து ஆவி பிடித்தேன், மிளகு ரசம் குடித்தேன், மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை இழுத்தேன். ஆனால் சளி என்றால் ஒரு வாரம், பத்து நாளில் கெட்டியாகி ஓய்ந்துவிடும். இது தெளிந்த தண்ணீராக வடிந்துகொண்டே இருந்தது, கண் அரித்தது, மேல் அண்ணமும் காதுக்குள்ளேயும் அரித்தது, உடம்பு சூடே இல்லை. அந்த அரிப்புதான் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது.

இதை இங்கே ஹே ஃபீவர் என்கிறார்கள். ஹே என்றால் காய்ந்த புல், ஃபீவர் என்றால் காய்ச்சல். ஆனால் காய்ந்த புல் இதற்குக் காரணமில்லை, காய்ச்சலும் வராது. காற்றில் பறக்கிற மகரந்தத்தை உடம்பு எதிரி என்று எடுத்துக்கொண்டு ஹிஸ்டமின் என்கிற வேதிப்பொருளைக் கொட்டுகிறது, அவ்வளவுதான். புது ஊரின் மகரந்தத்தை உடம்பு அப்படி எதிரியாகப் பதிந்துகொள்ளச் சில பருவங்கள் பிடிக்கும், அதனால்தான் நம்மவர்கள் பலருக்கு வந்த உடனே வராமல் சில வருஷம் கழித்து வருகிறது. "ஊரில் எனக்கு இது இருந்ததே இல்லையே" என்று குழம்பிக்கொண்டிருக்க வேண்டாம். இங்கே மார்ச் கடைசியிலிருந்து பிர்ச் மரம், மே நடுவிலிருந்து ஜூலை வரை புல். பெரும்பாலோருக்குப் புல்தான், எனக்கும் அதே.

மூன்று வருஷம் நான் செய்த தப்புகளைச் சொல்கிறேன், நீங்களாவது செய்யாமல் இருக்கட்டும் என்றுதான். முதலில், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய வகை அலர்ஜி மாத்திரையைச் சாப்பிட்டேன். குளோர்ஃபெனிரமின் மாதிரி மாத்திரைகள் தும்மலையும் நிறுத்தும், நம்மையும் மதியம் வரை தூக்கத்தில் வைத்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டக் கூடாது. அப்புறம், மூக்கடைப்பை ஐந்து நிமிஷத்தில் திறந்துவிடுகிற சொட்டு மருந்து, சைலோமெட்டாசோலின். அது அற்புதமாகத்தான் இருந்தது, அதனாலேயே ஐந்து வாரம் விடாமல் போட்டேன். சில நாளுக்கு மேல் விடாமல் போட்டால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும், மறுபடி மருந்து கேட்கும். அதிலிருந்து வெளியே வர எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று, அந்த ராத்திரிகளில் வாயால்தான் மூச்சு விட்டேன்.

தும்மல் தொடங்கிய நான்காவது வருஷம் ஒரு மருந்துக்கடையில் இருந்த மருந்தாளுநர் பொறுமையாக உட்காரவைத்து, என்னென்ன போடுகிறேன் என்று கேட்டுவிட்டு, "எப்போது ஆரம்பிக்கிறீர்கள்?" என்றார். தும்மல் வந்த பிறகு என்றேன். அங்கேதான் பிரச்சினை என்றார். மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே, புளூட்டிகசோன், பெக்லோமெட்டசோன் போன்றவை, உடனே வேலை செய்கிற மருந்து இல்லை. மூக்கின் உட்சவ்வு வீங்குவதையே தடுக்கிற மருந்து, முழுப் பலன் தெரியப் பல நாட்கள் ஆகும். பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்து, நல்லா இருக்கிற நாளிலும் விடாமல் அடிக்க வேண்டும். அதனால் இப்போது எனக்கு மே 1 என்றால் ஸ்ப்ரே தொடங்கும் நாள்.

அடிக்கிற விதம் அதைவிட முக்கியம். நான் தலையை அண்ணாந்து வைத்து, நேராக மேலே அடித்து, சர்ரென்று உறிஞ்சுவேன். மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும், மூக்கில் ரத்தம் வேறு எட்டிப் பார்க்கும். சரியான முறை இது: பாட்டிலைக் குலுக்கிவிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நடுத்தண்டைத் தொடாமல் காது பக்கமாகச் சாய்த்து அடித்து, மெதுவாக மூச்சை இழுக்க வேண்டும். கை மாற்றி அடித்தால் சாய்வு தானாக வந்துவிடும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். இந்த அளவில் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், குளுக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் கேட்காமல் வாங்காதீர்கள்.

அதோடு தூக்கம் அதிகம் வராத மாத்திரை ஒன்று. செட்ரிசின், லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் மூன்றில் யாருக்கு எது ஒத்துவரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் கொடுக்கும். பெட்டியின் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள். பெனட்ரில் என்றால் நமக்கெல்லாம் இருமல் டானிக்தான் நினைவுக்கு வரும், இங்கே அதே பெயரில் தினம் ஒன்று போடும் செட்ரிசின் மாத்திரை விற்கிறது, கடையின் சொந்த செட்ரிசின் அதைவிட மலிவு. ஃபெக்ஸோஃபெனடின் என்றால் தண்ணீரோடு மட்டும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் ஜூஸோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. எனக்கு இது தெரியாமல் ஒரு சீசன் முழுக்க காலை ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கிக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கு வெளியே எனக்கு அதிகம் கைகொடுத்தது குளியல். காலையில் தலைக்குக் குளித்துப் பழகிய உடம்பு இது. ஆனால் பகலெல்லாம் தலைமுடியில் ஒட்டிய மகரந்தத்தோடு படுத்தால் அது தலையணையில் இறங்கி விடியவிடிய மூக்கில் ஏறும். ஜூன், ஜூலையில் சாயங்காலம் வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு உடை மாற்றிவிடுகிறேன். "ராத்திரி தலைக்கு ஊத்தினா சளி பிடிக்கும்" என்று அம்மா இன்னும் சொல்கிறார், நான் முடியை நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். வெயிலைக் கண்டால் போர்வையைக் கொடியில் போடத் தோன்றும், அந்த இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே காயட்டும். மூக்குத் துளை ஓரமாகக் கொஞ்சம் வாசலின், பக்கவாட்டையும் மூடுகிற கறுப்புக் கண்ணாடி, இரண்டும் உதவும். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதும், நம் ஜலநேதிதான், நல்ல ஆறுதல். கொதிக்கவைத்து ஆறின தண்ணீரில் மட்டும் செய்யுங்கள், குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். உள்ளூர்த் தேனை நம்பிப் பணம் போட வேண்டாம், தேனீ தொடுவது பூவின் மகரந்தத்தை, நம்மைப் படுத்துவது காற்றில் பறக்கிற புல் மகரந்தம்.

ஒரு ஜூனில் பிரைட்டன் கடற்கரையில் நாள் முழுக்க ஒரு தும்மல்கூட இல்லாமல் இருந்தேன், கடலிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜான் போஸ்டாக் என்ற லண்டன் மருத்துவர் 1819-இல் தன் சொந்த உடம்பையே வைத்து இந்த நோயை விரிவாக விவரித்தார். அபின், ரத்தம் எடுப்பது எல்லாம் பார்த்தும் பலனில்லாமல், ராம்ஸ்கேட் கடலோரத்தில் தங்கிய கோடைகளில்தான் அவருக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்கிறது. காரணம் மகரந்தம் என்றே அவருக்குத் தெரியாது. மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி அதைத் தன் மூக்கிலேயே சோதித்து 1873-இல் புத்தகமாக எழுதினார், காற்றில் மேலே எவ்வளவு மகரந்தம் இருக்கிறது என்று பார்க்கப் பட்டம்கூட விட்டிருக்கிறார்.

பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பதினாறு வயதில் பள்ளியில் எழுதுகிற ஜி.சி.எஸ்.இ தேர்வு சரியாகப் புல் பருவத்தில் வருகிறது. 2007-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், இந்த அலர்ஜி உள்ள மாணவர்கள் மாதிரித் தேர்வைவிட இறுதித் தேர்வில் ஒரு கிரேடு இறங்கும் வாய்ப்பு 40 சதவீதம் கூடுதல் என்றும், தூங்கவைக்கிற மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 70 சதவீதம் என்றும் கண்டார்கள். இதைப் படித்த பிறகு என் மகளை ஏப்ரலிலேயே குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் கூட்டிப் போனேன்.

கடைசியாக ஒன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் இடிமழைக்கு முன்னால் அடித்த காற்றில் ரை புல்லின் மகரந்தம் பொடிப்பொடியாக வெடித்து நுரையீரல் வரை போய், ஆயிரக்கணக்கானோர் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு ஓடினார்கள், 10 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்கு ஓடியவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமாவே இருந்ததில்லை, ஹே ஃபீவர் மட்டும்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் தங்கள் எண்ணிக்கைக்கு மீறி அதில் இருந்தார்கள். தும்மலோடு நெஞ்சில் விசில் சத்தமோ இரைப்போ இருந்தால் மருந்துக்கடையோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். புல் பருவத்தில் இடிமழை வருகிறது என்று அறிவிப்பு இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள், இன்ஹேலர் இருந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள், மூச்சு விட முடியவில்லை என்றால் உடனே இங்கே அவசர எண்ணான 999-ஐக் கூப்பிடுங்கள்.