தொட்டில் கிடைக்காத 9 மணி நேரம்

மகனுக்கு அப்போது 11 வாரம். தலை நிற்கவில்லை. கணவர் வேலைக்காக முன்னாலேயே போய்விட்டதால் நானும் அவனும் மட்டும்தான். முதலில் 9 மணி நேரப் பயணம், நடுவில் 4 மணி நேரக் காத்திருப்பு, பிறகு இன்னொரு விமானத்தில் 5 மணி நேரம். வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது, வலது தோள் இன்னும் வலிக்கிறது. வலி மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பாஸ்போர்ட், விசா எல்லாம் சிக்கலில்லாமல் வந்தன. பிள்ளையை அழைத்துப் போக அவன் அப்பாவின் சம்மதக் கடிதத்தை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் தனியாகப் போகிறவர்கள் கையில் வைத்திருங்கள். செக்யூரிட்டியிலும் தொந்தரவு இல்லை. 100 மில்லி கட்டுப்பாடு பொதுவாகக் குழந்தையின் பாலுக்குக் கிடையாது. தனியாக எடுத்துக் காட்டினேன், விட்டுவிட்டார்கள்.

என்னைப் படுத்தியது பாசினெட். முன்சுவரில் மாட்டும் அந்தத் தொட்டிலுக்காக டிக்கெட் எடுத்த அன்றே போன் செய்தேன். "போட்டாச்சு மேடம்" என்றார்கள். "கோரிக்கை பதிவாகியுள்ளது" என்று மெயிலும் வந்தது. அதையே நம்பி இருந்துவிட்டேன். கவுன்டரில் நின்ற பெண் திரையைப் பார்த்துவிட்டு, "இது ரிக்வெஸ்ட்தான், கன்ஃபர்ம் ஆகல" என்றார். மூன்று வாரத்துக்கு முன் விமானத்தையே மாற்றியிருக்கிறார்கள், சீட்டுகளெல்லாம் கலைந்துவிட்டன, இதில் இருப்பதே இரண்டு தொட்டில், இரண்டும் போய்விட்டன. இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். பதில் இல்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நடு சீட்டுக்கான போர்டிங் பாஸை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

உள்ளே போனதும் நல்ல மனசுள்ள ஒருவர் தன் ஓர சீட்டைத் தருகிறேன் என்றார். நிம்மதியாக எழுந்தேன். பணிப்பெண் தடுத்துவிட்டார். அந்த வரிசையில் அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கைக்குழந்தை இருக்கிறது, கூடுதல் ஆக்ஸிஜன் முகமூடி ஒன்றுதான் உண்டு, இரண்டு குழந்தைகளை அங்கே உட்கார வைக்க முடியாது என்றார். காரணம் நியாயமானது. ஆனால் அது அன்றுதான் எனக்குத் தெரியும். சீட் மாற்ற நினைக்கிறவர்கள் ஏறுவதற்கு முன்பே கவுன்டரில் பேசி முடித்துவிடுங்கள்.

ஆக, 9 மணி நேரமும் மடிதான் தொட்டில். போர்வையை நான்காக மடித்து முழங்கைக்குக் கீழே வைத்த பிறகுதான் கை கொஞ்சம் தாங்கியது. இதை முதல் மணி நேரத்திலேயே செய்திருக்க வேண்டும். தூங்கிவிடுவேனோ, பிள்ளை நழுவிவிடுவானோ என்ற பயத்தில் கண்ணை மூடவே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்த வயதான அம்மாதான் தெய்வம் மாதிரி. "கொடும்மா, நான் வச்சுக்கறேன். நீ போய் முகம் கழுவிட்டு வா" என்று இரண்டு முறை வாங்கிக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் கழிவறைக்குக்கூடப் போயிருக்க முடியாது.

தொட்டில் கிடைத்தவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீட் பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் தூங்கும் பிள்ளையைத் தூக்கி மடியில் பெல்ட் போட வேண்டும். முன்னால் இருந்த பெண் அப்படி ஐந்து முறை தூக்கினார். இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். இரண்டு கையும் விடுபட்டு ஒரு வாய் சாப்பிட முடிவதே பெரிய விஷயம். எடை வரம்பையும் விசாரியுங்கள், விமானத்துக்கு விமானம் மாறும்.

குழந்தைக்கு நான்கு மாற்றுடை எடுத்து வைத்திருந்தேன், எனக்கு ஒன்றுகூட இல்லை. பாதி வழியில் குடித்த பாலை முழுவதும் என் மேல் கக்கிவிட்டான். ஈரச் சட்டையோடு, அந்தக் குளிரில் மீதி நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கும் ஒரு சட்டை, மறக்காதீர்கள். டயப்பர் மணிக்கு ஒன்று என்று எண்ணி எடுத்துக்கொண்டது சரியாக இருந்தது. டயப்பர் மாற்றும் பலகை எல்லாக் கழிவறையிலும் இருக்காது, ஏறியதுமே எதில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது இன்னொரு தவறு. பசித்து அழுதான் என்று முன்னதாகவே பால் கொடுத்துவிட்டேன். விமானம் கீழே இறங்க ஆரம்பித்தபோது வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தான். விழுங்கினால்தான் காதுக்குள் அழுத்தம் சரியாகும், அவன் விழுங்கவில்லை. திடீரென்று வீறிட்டு அழுதான். அப்படி ஒரு அழுகையை அதுவரை நான் கேட்டதில்லை. மார்பில் வைத்தாலும் வாங்கவில்லை. தரை தொடும்வரை அழுதான். நானும் அழுதேன்.

அதோடு முடியவில்லை. முதல் விமானத்தில் ஏறும்போது கேட்டில் ஊழியர்கள் வாங்கி வைத்துக்கொண்ட ஸ்ட்ரோலர், அதாவது குழந்தைத் தள்ளுவண்டி, டிரான்சிட்டில் விமான வாசலுக்கு வரும் என்று நின்றேன். 25 நிமிடம் போனது. கடைசியில்தான் டேக்கைப் பார்த்தோம்: கடைசி ஊரின் பெயர் போட்டிருந்தது. அது நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விட்டது. டேக் ஒட்டும்போதே படித்துப் பாருங்கள். பையில் துணி ஸ்லிங் இருந்ததால் அவனை மார்போடு கட்டிக்கொண்டு நடந்தேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

நடந்தவள் நேராக டிரான்சிட் கவுன்டருக்குப் போனேன். "பாசினெட் கன்ஃபர்மா? எந்த சீட்?" என்று இரண்டு கேள்விதான் கேட்டேன். அங்கிருந்தவர் பத்து நிமிடம் தட்டிப் பார்த்து, முன்சுவர் சீட் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

அந்த விமானத்தில் ஏறியதுமே பணிப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன்: "இறங்க ஆரம்பிக்கும்போது எனக்கு மட்டும் வந்து சொல்லுங்கள்." தரை தொட அரை மணி நேரம் இருக்கும்போது வந்து தோளைத் தொட்டார். பிள்ளையை எழுப்பி, விட்டு விட்டு மெதுவாகப் பால் கொடுத்தேன். சக்கரம் தரையில் உரசியபோதும் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு சிணுங்கல்கூட இல்லை.

திரும்பும் பயணத்துக்கு நேற்றே போன் செய்துவிட்டேன். "போட்டாச்சு" என்றார்கள். "கன்ஃபர்ம் என்று எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேட்டு, சீட் எண்ணோடு மெயில் வரும்வரை போனை வைக்கவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு முறை கூப்பிடுவேன்.